கொடுத்து வைத்தவர் யார்?

சென்ற மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை, சுப்ஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு, திருவானைக்காவிலிருந்து கல்லணைக்குச் செல்லும் சாலையில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். மதரஸாவுக்கு அன்று விடுமுறை. ஜும்ஆவுக்கு முன் வீடு திரும்ப வேண்டும் என்பதைத் தவிர வேறு கட்டாயம் ஏதும் இல்லை. இடப்புறம் கொள்ளிடம், வலப்புறம் காவிரி. இரண்டுக்கும் இடையே திருவரங்கத் தீவு கிழக்கு நோக்கிக் குறுகிக்கொண்டே போகிறது. வழியெங்கும் வாழைத் தோட்டங்கள். திருவளர்ச்சோலை, பனையபுரம், உத்தமர்சீலி, கிளிக்கூடு என்று சொல்லும்போதே நாவுக்கு இதமான பெயர்கள் கொண்ட ஊர்கள். பனி இன்னும் விலகவில்லை.

உத்தமர்சீலியை அடுத்து, தோட்டத்திலிருந்து சாலைக்கு ஏறும் மேட்டில் முதியவர் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏற முயன்றுகொண்டிருந்தார். கேரியரின் இருபுறமும் வாழைத்தார்கள். முன்பாரிலும் ஒரு தார். வண்டி ஓரடி ஏறுவதும் அரையடி இறங்குவதுமாக இருந்தது. இறங்கிப் போய்ப் பின்னாலிருந்து தள்ளினேன். மேலே வந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் தொப்பியையும் தாடியையும் பார்த்துவிட்டு, “எந்த ஜோலியா பாய் இந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

“ஜோலி ஒண்ணுமில்லைங்க ஐயா. சும்மாதான்” என்றேன்.

“சும்மாவா?” அவர் சிரித்தார். அதில் ஏளனம் இல்லை. “கொடுத்து வச்சவங்க!” என்று சொல்லிவிட்டு, சந்தைக்கு நேரமாகிறதென்று தம் வண்டியைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தார்.

அவர் போன பின்பும் அவருடைய சொல் போகவில்லை. கல்லணை வரையிலும் அது என்னோடு வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு நிய்யத்தைப் பற்றிப் பாடம் சொல்லி வருபவன் நான். செயல்களெல்லாம் எண்ணத்தைப் பொறுத்தவை என்று தொடங்கும் நபிமொழியைத்தான் முதல் பாடமாக நடத்துகிறேன். அப்படிப்பட்டவன், என்ன எண்ணத்தோடு வந்தாய் என்று கேட்டால் “சும்மா” என்கிறேன்! தேவையேதும் இன்றி, ஆற்றங்கரையோரம் மெல்ல மெல்லச் சைக்கிளில் திரிவது ஓர் அறிவுள்ள மனிதனுக்குத் தகுமா? அது கால விரயமா, அல்லது அதற்கும் நம் வாழ்வில் ஓர் இடம் உண்டா? இதுவே நாம் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

பயணத்தைக் குறிக்கும் அரபுச் சொல் ஸஃபர். திரையை விலக்குதல், வெளிப்படுத்துதல் என்னும் பொருள் அதன் வேரில் இருக்கிறது. மனிதர்களின் குணங்களை வெளிப்படுத்துவதால்தான் பயணத்துக்கு அப்பெயர் வந்தது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) விளக்குவார்கள். நம் பழந்தமிழில் பயணத்துக்குச் செலவு என்று பெயர். செல்லுதல் செலவு. இன்றோ அச்சொல் பணம் கரைவதை மட்டுமே நமக்கு நினைவூட்டுகிறது. இரண்டு மொழிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பயணத்தில் ஏதோ ஒன்று செலவாகிறது. ஏதோ ஒன்று வெளிப்படுகிறது. செலவானதற்கு ஈடாக வெளிப்பட்டது என்ன என்பதே கணக்கு.

இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் பயண ஒழுக்கங்களுக்கென்றே ஒரு நூற்பகுதியை ஒதுக்கியிருக்கிறார்கள். கல்விக்காகப் போவது, வணக்கத்துக்காகப் போவது, மார்க்கத்துக்கு இடையூறானவற்றிலிருந்து விலகிப் போவது, உடலுக்கோ பொருளுக்கோ வரும் தீங்கிலிருந்து தப்பிப் போவது என்று வகைப்படுத்துகிறார்கள். நோக்கமின்றி ஊர் ஊராகத் திரிபவர்களை அவர்கள் கடிந்தே பேசுகிறார்கள். ஆனால் பூமியில் பரவிக்கிடக்கும் இறைவனின் அத்தாட்சிகளைக் காண்பதற்காகச் செல்வதைக் கல்விப் பயணத்தோடு சேர்த்துவிடுகிறார்கள். பூமியில் சுற்றிப் பாருங்கள் என்று திருமறை பல இடங்களில் ஏவுவதை நாம் அறிவோம். 1325-ல் தாஞ்சியரிலிருந்து ஹஜ்ஜுக்கெனப் புறப்பட்ட இப்னு பதூதா, நம் மதுரை வரை வந்து பார்த்ததையெல்லாம் எழுதி வைத்ததும் அந்தக் கண் திறந்திருந்ததால்தான்.

எனவே, பார்ப்பதற்காகப் போவது பழுதில்லை. ஆனால் நாம் பார்க்கிறோமா? இங்கேதான் வேகம் என்னும் ஒன்று குறுக்கிடுகிறது.

திருவரங்கத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் ஒருமுறை வந்தார்கள். படையோடு வந்தார்கள். 1752-ல் அவர்களுடைய தளபதி ஜாக் லா, இத்தீவில் முற்றுகைக்குள்ளாகி ஆங்கிலேயரிடம் சரணடைந்தார். அவர்களை நம்பியிருந்த சந்தா சாகிபு உயிரிழந்தார். நத்தர்வலி தர்காவில் அடக்கமானார். அந்தப் படைகளும் இதே ஆற்றங்கரைகளில்தான் நடந்தன. ஆற்றைக் கடக்க வேண்டிய இடமாகத்தான் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பார்க்க வேண்டிய ஒன்றாகத் தெரிந்திருக்குமா என்பது ஐயமே.

அதே பிரெஞ்சு நாட்டில்தான் பின்னாளில், ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் சைக்கிளில் நிதானமாகச் சுற்றிவரும் வழக்கம் ஒரு கலையாகவே வளர்ந்தது. அதற்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் பால் த விவி என்பவர் (1853–1930). செந்தெத்தியேன் நகரத்தில் பட்டு வணிகம் செய்தவர். பின்னர் அதை விட்டுச் சைக்கிள் கடை வைத்தார். 1887-ல் சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கி, வெலோசியோ என்னும் புனைபெயரில் எழுதினார். மேடு ஏறுவதற்கு எளிதாக, ஒரே வண்டியில் பல கியர்கள் வேண்டும் என்று வாதிட்டவர்களில் அவர் முன்னோடி. பந்தயக்காரர்கள் அதைப் பலவீனர்களின் கருவி என்று எள்ளினார்கள். புகழ்பெற்ற டூர் த பிரான்ஸ் பந்தயம் 1903-ல் தொடங்கியது. அதன் அமைப்பாளர்கள் கியர் மாற்றும் கருவியை நெடுங்காலம், 1937 வரை, அனுமதிக்கவில்லை. ஒரே கருவியை வைத்துக்கொண்டு ஒருவர் வெல்லப் பார்த்தார். மற்றவர் காணப் பார்த்தார்.

இன்று அந்நாட்டில் லுவார் ஆற்றை ஒட்டி ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளத்துக்குச் சைக்கிள் வழி இருக்கிறது. துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடல் பக்கமாகச் செல்லும் 240 கிலோமீட்டர் தெற்குக் கால்வாய் 1681-ல் வெட்டி முடிக்கப்பட்டது. படகை இழுக்கும் குதிரைகள் நடந்த அதன் கரையில் இப்போது சைக்கிள்கள் செல்கின்றன. திராட்சைத் தோட்டத்தையும் பழைய மதகையும் சிற்றூர்ச் சந்தையையும் பார்த்துக்கொண்டு, ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது கிலோமீட்டர் போனால் போதும் என்று குடும்பம் குடும்பமாகச் செல்கிறார்கள்.

இதில் நம் கவனத்துக்குரிய செய்தி ஒன்று உண்டு. இந்த இன்பம் முதலில் வசதியுள்ளவர்களுடையதாகவே இருந்தது. 1936-ல் லியோன் புளூம் அரசு, தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இரண்டு வாரங்கள் சம்பளத்துடன் கூடிய விடுமுறை அளிக்கும் சட்டத்தை இயற்றியது. அந்தக் கோடையில் ஆலைத் தொழிலாளர்கள் சைக்கிள்களிலும், இருவர் மிதிக்கும் வண்டிகளிலும் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு நாட்டுப்புறங்களுக்கும் கடற்கரைக்கும் புறப்பட்டார்கள். தங்கள் நாட்டின் ஆறுகளை அவர்களில் பலர் அப்போதுதான் முதன்முறையாகக் கண்டார்கள். ஆறு முன்பும் அங்கேதான் இருந்தது. ஓய்வுதான் இல்லாமலிருந்தது.

ஓய்வைப் பெரும் அருட்கொடையாக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். உடல்நலம், ஓய்வு ஆகிய இரண்டின் விஷயத்தில் மக்களில் பலர் இழப்புக்குள்ளாகிறார்கள் என்பது அவர்களுடைய எச்சரிக்கையின் கருத்து. பலர் இதை, ஓய்வே கூடாது என்பதாக விளங்கிக்கொள்கிறார்கள். இழப்பு என்று சொல்வதிலிருந்தே அது மதிப்புள்ள பொருள் என்பது விளங்கவில்லையா? ஓடும் ஆற்றின் கரையில் இருந்து ஒளுச் செய்தாலும் தண்ணீரை விரயம் செய்யலாகாது என்பதும் அவர்கள் தந்த பாடமே. ஆற்றில் நீர் ஏராளம் என்பதற்காக அளவு இல்லாமற் போகாது. கையில் பொழுது மிஞ்சியிருந்தாலும் அதற்கும் அளவும் முறையும் உண்டு.

அந்த முறை என்ன? எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன்.

ஸலாமின் ஒழுங்குகளில் ஒன்று நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். வாகனத்தில் செல்பவர் நடந்து செல்பவருக்கு ஸலாம் சொல்ல வேண்டும். நடப்பவர் அமர்ந்திருப்பவருக்குச் சொல்ல வேண்டும். எவருக்கு வசதி கூடுதலோ அவர் மீதுதான் முதற்கடமை. உயரத்தில் இருப்பவன் தாழ இருப்பவனை முதலில் மதிக்க வேண்டும் என்னும் பெரிய பண்பாடு இந்தச் சிறிய விதிக்குள் அடங்கியிருக்கிறது.

இந்த விதியைக் கைக்கொள்ள வேண்டுமானால் எந்த வேகத்தில் போக வேண்டும்? இதே கல்லணைச் சாலையில் பேருந்திலும் போயிருக்கிறேன். நண்பர்களின் காரிலும் போயிருக்கிறேன். வாழைகள் ஒரு பச்சைக் கோடாகத் தெரியும். மனிதர்கள் ஹாரன் ஒலிக்கு ஒதுங்குகிறவர்களாகத் தெரிவார்கள். அந்த வேகத்தில் யாருக்கு ஸலாம் சொல்வது? யாரிடம் நலம் கேட்பது? சைக்கிளோ நடையைப் போல் மும்மடங்கு வேகம் போகும். ஆனாலும் எதிரே வருகிறவரின் முகம் தெரியும். அவர் தும்மினால் கேட்கும். அவர் வண்டி மேட்டில் நின்றுவிட்டால் உன்னால் காணாததுபோல் போக முடியாது. மனிதன் கண்டுபிடித்த வாகனங்களுள், ஸலாம் சொல்லக்கூடிய வேகத்தின் மேல்எல்லையில் நிற்பது சைக்கிள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏறிச் செல்பவனே குதிரையாகவும் இருப்பதால் அதில் செருக்குக்கும் இடம் குறைவு. காலையிலும் மாலையிலும் இறங்கிச் சிறிது நடந்து, சுமக்கும் பிராணிக்கு இளைப்பாறுதல் கொடுங்கள் என்று பயண ஒழுக்கம் சொல்கிறது. சைக்கிள்காரனுக்கு அதை அவன் முழங்காலே சொல்லிவிடும்!

ஆகவே, மெதுவாகப் போவதன் சிறப்பு, காட்சி அழகாகத் தெரிவது மட்டுமன்று. பிறருடைய பாரம் நம் கண்ணில் படும் தூரத்தில் நாம் இருக்கிறோம் என்பதே அதன் சிறப்பு. கண்ணில் பட்டுவிட்டால் கடமையும் வந்துவிடும். அவசரத்தை ஷைத்தானோடு இணைத்துப் பேசும் நபிமொழிக்கு நான் இப்போது இப்படியும் ஒரு பொருள் காண்கிறேன்: அவசரம் நம்மை முதலில் பிறருக்குக் குருடாக்குகிறது.

இவ்வளவும் எண்ணிய பிறகும் அந்தப் பெரியவரின் சொல் மட்டும் உள்ளே தைத்துக்கொண்டே இருந்தது. கொடுத்து வைத்தவர் என்றால் என்ன பொருள்? முன்பே கொடுத்து, எங்கோ வைத்திருக்கிறார். அதன் பயனை இப்போது அனுபவிக்கிறார் என்பதுதானே? அப்படி நான் எதைக் கொடுத்து வைத்தேன்?

என் அத்தா ஜவுளி வியாபாரி. கடை கிடையாது, சைக்கிள்தான் கடை. கேரியரில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு, காவிரியின் தென்கரை வழியாக ஜீயபுரம், திருப்பராய்த்துறை, பெட்டவாய்த்தலை, குளித்தலை என்று ஊர் ஊராகப் போவார். சேலைகளைத் தவணைக்குக் கொடுத்து, வாரந்தோறும் இரண்டும் மூன்றுமாக வசூலித்து வருவார். இருபத்தைந்து ஆண்டுகள் அந்த ஆற்றின் கரையிலேயே ஓடின. ஆற்றைப் பற்றி அவர் வீட்டில் பேசி நான் கேட்டதில்லை. வெயிலைப் பற்றிப் பேசுவார். எதிர்க்காற்றைப் பற்றிப் பேசுவார். பஞ்சரான இடத்திலிருந்து ஒட்டும் கடை எத்தனை தூரம் என்று பேசுவார்.

எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும். ஒரு பள்ளி விடுமுறையில் முன்பாரில் என்னை உட்கார வைத்து அழைத்துப் போனார். திரும்பும்போது என்ன நினைத்தாரோ, முக்கொம்புக்கு வண்டியைத் திருப்பினார். 1836-ல் ஆர்தர் காட்டன் மேலணையை எழுப்பிய இடம் அது. காவிரி அங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. மதகுகளின் கீழே நீர் நுரைத்து விழுவதை மூட்டையின் மீது கை வைத்தபடியே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். பத்து நிமிடம் இருக்கும். “போதும், நேரமாச்சு” என்றார். ஏறி மிதித்தார். நான் அறிந்தவரை அவர் வாழ்நாளில் செய்த உல்லாசப் பயணம் அந்தப் பத்து நிமிடந்தான்.

அந்த மூட்டை விற்ற காசில்தான் நான் ஓதினேன். இன்று எனக்கு வாரத்தில் ஒரு காலைப்பொழுது மிஞ்சுகிறதென்றால், அது அவர் ஆற்றைப் பார்க்காமல் மிதித்துச் சேர்த்து வைத்த பொழுது. கொடுத்து வைத்தவர் அவர்; எடுத்துச் செலவு செய்பவன் நான். இதை உணர்ந்தபோது, அவர் மிதித்த பாதையில் நான் உல்லாசமாகப் போவது தவறோ என்னும் குற்றவுணர்வு ஒருபுறம் எழுந்தது. மறுபுறம், அவர் எனக்காக வைத்துவிட்டுப் போனதைத் தொடாமல் பூட்டி வைப்பதும் நன்றிகேடல்லவா என்று தோன்றியது. பெற்றவன் அனுபவிக்கட்டும், ஆனால் பெற்றது தன்னோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும். இதுவே நியாயமாகப் படுகிறது.

தன்னோடு நிற்காமல் என்று எழுதியபோது என் பழைய தவறு ஒன்று நினைவுக்கு வருகிறது. 1991-ல் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெருந்துணை நின்றார். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். கல் உடைக்கிறவர்களும், பூப் பறிக்கிறவர்களும், ஆசிரியைகளும், நம் சமுதாயப் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் அதை நேரில் கண்டு தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். அந்நாளில் மதரஸா மாணவனாக இருந்த நான், தோழர்களோடு சேர்ந்துகொண்டு, “இவர்களெல்லாம் எங்கே போகப் போகிறார்கள்?” என்று கேலி பேசியவன். அந்தப் பெண்கள் தண்ணீருக்குப் போனார்கள், வேலைக்குப் போனார்கள், பிள்ளையைப் பள்ளியில் விட்டார்கள். பேருந்துக்கும் கணவருக்கும் மகனுக்கும் காத்திராமல் போய்வந்தார்கள். அவர்களுக்கும் ஒருநாள் “சும்மா” போகத் தோன்றியிருக்குமே என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. என்னுடைய “சும்மா”வுக்கு முப்பதாண்டுப் படிப்பைத் துணைக்கழைத்து நியாயம் தேடுகிறேன். என் வீட்டில் இருப்பவள் கல்லணையைக் கடைசியாகப் பார்த்தது எங்களுக்குத் திருமணமான புதிதில். சுப்ஹுக்கு முன்பே அடுப்பை மூட்டி நான் புறப்பட ஏற்பாடு செய்கிறவள் அவள்தான். அவளுடைய ஓய்வை யார் கொடுத்து வைத்திருக்கிறார்கள்?

ஆகவே, ஓய்வுப் பயணம் தகுமா என்னும் வினாவுக்கு என் விடை இதுதான். தகும், மூன்று நிபந்தனைகளோடு. முதலாவது, அது பிறருக்குரிய உரிமையை உண்டு கொழுத்ததாக இருக்கலாகாது. தொழுகையின் நேரமோ, கடன்காரருக்குரிய பணமோ, வீட்டாருக்குரிய கவனமோ அதில் கரையலாகாது. இரண்டாவது, வழியில் காணும் மனிதருக்கு முகம் கொடுக்க முடியாத வேகத்தில் அது அமையலாகாது. மூன்றாவது, நமக்குக் கிடைத்த ஓய்வு நம் வீட்டிலும் தெருவிலும் அது கிடைக்காதவர்களுக்குக் கிடைக்க நாம் ஏதேனும் செய்ய வேண்டும். பிரெஞ்சு நாட்டுத் தொழிலாளிக்கு 1936-ல் ஒரு சட்டம் செய்ததை, ஒரு குடும்பத்துக்குள் ஒரு மனிதன் சட்டமில்லாமலே செய்யலாம்.

திருவரங்கத்திலிருந்து வடக்கே கொள்ளிடத்தின் மீது 1928-ல் கட்டிய இரும்புப் பாலம் ஒன்று இருந்தது. அருகே புதுப் பாலம் வந்தபின் வண்டிகள் அங்கே மாறிவிட்டன. பழைய பாலம் காலைநேரத்தில் காற்று வாங்க நடப்பவர்களுக்கு என்றாகிவிட்டிருந்தது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்தன. அதே மாதத்தில் முக்கொம்பில் அத்தா நின்று பார்த்த பழைய அணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. பிறகு அங்கே புதிய கதவணை எழுந்தது. செய்தியைப் படித்த அன்று, பிறகு பார்க்கலாம் என்று ஒத்திப்போட்டவை எத்தனை என்று எண்ணிக்கொண்டேன். ஆறு காத்திருக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். காத்திருப்பதாக அது யாருக்கும் வாக்களிக்கவில்லை.

அன்று கல்லணையில் சிறிது நேரமே நின்றேன். ஜும்ஆவுக்கு முன் திரும்பிவிட்டேன். திரும்பும் வழியில் அந்த மேட்டருகே வண்டியை நிறுத்திப் பார்த்தேன். வாழைச்சருகு சிதறிக் கிடந்தது, பெரியவர் இல்லை. மறுமுறை அவரைக் கண்டு, “எந்த ஜோலியா பாய்?” என்று அவர் கேட்டால், “சும்மாதான். எங்க அத்தா கொடுத்து வச்சுட்டுப் போனதுங்க” என்று சொல்ல வேண்டும் என்றிருக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு வீட்டில் காலை அடுப்பு இல்லை என்று சொல்லிவிட்டேன். உத்தமர்சீலிப் பக்கம் இட்டிலிக் கடை ஒன்று இருக்கிறது. அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. கேரியரில் உட்கார வைத்து மிதிக்க என் முழங்கால் இடம் கொடுக்க வேண்டுமே என்பதுதான் இப்போதைய கவலை. அல்லாஹ் அதற்கான வலுவைத் தருவானாக.